என் மனுவை நானே சுமந்தேன்

போடி மலை மெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை காலி. ‘நேரில் வந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். தபாலில் மட்டும் மனுச் செய்யவும்’ என்று விளம்பரம்.

எழுதிப் போட்டேன்.

இன்று காலை பார்த்தால், போடியிலிருந்து தோட்டத்துத் தபால் பையைத் தூக்கிப்போகும் ஆளுக்குக் காய்ச்சல். பை போகாவிட்டால் என் மனுவும் போகாது. நானே தூக்கிக்கொண்டு மலையேறினேன்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பையைப் பிரித்து என் மனுவைப் படித்தார்.

“எழுத்து முத்து முத்தா இருக்கே!”

“நான் எழுதுனதுதாங்கய்யா.”

அவர் முகம் மாறிவிட்டது. “நேர்ல வந்தா மனு தள்ளுபடி, தெரியும்ல?”

“ஐயையோ, நான் தபால் கொண்டாந்த ஆளுங்கய்யா.”

“அப்பச் சரி. ஒங்கிட்ட வேலையப் பத்தி எனக்கென்ன பேச்சு?”

பதில் எழுதி, உறையை ஒட்டி, என் விலாசம் போட்டு, என்னிடமே நீட்டினார். அங்கேயே பிரிக்கப் போனேன்.

“ஏய்! தபால் தூக்குறவன் அடுத்தவன் தபாலப் பிரிக்கலாமா?”

மலை இறங்கி, வீடு வந்து, என் விலாசத்தில் உட்கார்ந்து பிரித்தேன்.

‘மனு மிகவும் திருப்தி. இன்று சாயங்காலத்துக்குள் நேரில் வந்து சேரவும். தவறினால் வேலை வேறு ஆளுக்கு.’

பொழுது சாய்ந்துவிட்டது.

பை தூக்கும் வேலையாவது காலியா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். நேரில் போய்க் கேட்கிற உத்தேசம் எனக்கில்லை.