முன் சுவருக்கு ஒரு படம்

இப்போது என் வலது கட்டைவிரல் மடங்குகிறது. முழுதாக இல்லை. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறேன், தூரிகையைப் பிடிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் போல எதற்கெடுத்தாலும் பயப்படுகிற ஆள் யாராவது இதைப் படித்தால், கடைசிவரை அந்தக் கை என்ன ஆனதோ என்று பதறிக்கொண்டிருக்க வேண்டாம் பாருங்கள்.

பாரம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மலேசியாவில், கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத்து வேலை. கையால் கிள்ளுவதெல்லாம் எங்கள் பக்கம் குறைந்துவிட்டது. கொழுந்து வெட்ட மிஷின் இருக்கிறது. ஒரு நிரைக்கு இந்தப் பக்கம் ஓர் ஆள், அந்தப் பக்கம் ஓர் ஆள், நடுவில் செடிகளின் தலைக்கு மேலே நீளமாகக் கத்தி. இரண்டு பேரும் ஒரே உயரத்தில் பிடித்துக்கொண்டு ஒரே நடையாக நடக்க வேண்டும். வெட்டிய கொழுந்து பின்னால் கட்டிய பையில் போய் விழும். சாதாரணமாக இரண்டு பக்கமும் ஆம்பிளைகள்தான் பிடிப்பார்கள். ஆள் கிடைக்காமல் போனதிலிருந்து என் எதிர்ப் பக்கத்தை என் மனைவி பிடிக்கிறாள். மேட்டுப் பக்கம் அவள், பள்ளத்துப் பக்கம் நான். "தூக்கு", "தாழ்த்து", "நில்லு" என்ற மூன்று வார்த்தையிலேயே எங்கள் பாதி நாள் ஓடிவிடும். வீட்டுக்கு வந்த பிறகும் சில சமயம் அதற்கு மேல் பேசுவதில்லை.

படம் வரைவதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தோட்டத்துக் கோவில் சுவரில் திருவிழாவுக்குத் திருவிழா மயிலும் யானையும் வரைந்தேன். பிறகு மலையை வரைய ஆசை வந்தது. ஒட்டுப்பலகைத் துண்டுகளில் வரைந்து வீட்டில் அடுக்கி வைத்தேன். அவை பூஞ்சணம் பிடிப்பதைப் பார்த்து, பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் தன் கடைச் சுவரில் மாட்டிக்கொண்டார். அங்கே ரொட்டி சாப்பிட வந்த மலைக்குக் கீழே ஈப்போ நகரத்துச் சீனப் பெண்மணி ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "இதை யார் வரைந்தது?" என்று மலாயில் கேட்டிருக்கிறார். பழைய கடைவீடு ஒன்றில் ஓவியக்கூடம் நடத்துகிறவர் அவர். நாங்கள் அவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம்.

என் படங்களை வைத்து ஒரு கண்காட்சி நடத்தலாம் என்றார் மேடம். ஆனால் எல்லாமே சின்னச் சின்னப் பலகை. வாசலில் நுழைந்ததும் எதிரே தெரியும் முன் சுவருக்குக் கதவளவு பெரிய படம் ஒன்று வேண்டும், அது இல்லாமல் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டார். தீபாவளிக்குப் பிறகு அந்தக் கூடம் வேறொருவருக்கு. அதற்குள் முடித்துத் தர வேண்டும்.

பலகை வாங்கிக் கொடுத்தவர் பாய்தான். லோரியில் ஏற்றிக்கொண்டு தானே வந்து இறக்கினார்.

"கோவில்ல ஒரு டியூப்லைட் வாங்கிக் குடுத்தாகூட வெளிச்சம் வராத அளவுக்கு உபயம்னு எழுதுறீங்களே தம்பி, எனக்கும் ஒரு மூலையில போட்டுருங்க லா" என்றார்.

அவர் சிரித்துக்கொண்டு சொன்னதை நான் வாக்காகவே எடுத்துக்கொண்டேன். அன்றைக்கே கீழ் வலது மூலையில் அழகாக 'உபயம்' என்று எழுதி, அதன் கீழே அவருடைய கடைப் பெயரை எழுதினேன். அதன் பிறகுதான் வானத்தையே ஆரம்பித்தேன்.

வானம் முடிந்தது. தூரத்து மலைகளும் பனிமூட்டமும் முடிந்தன. மிச்சமிருந்தது மலைச்சரிவு முழுக்க வளைந்து வளைந்து போகும் தேயிலை நிரைகள். அந்த நேரத்தில்தான் கை போனது.

முதல் நாள் ராத்திரி நல்ல மழை. நிரையின் கடைசியில் மிஷினைத் திருப்பும்போது பள்ளத்துப் பக்கம் எனக்குக் கால் வழுக்கியது. என்ஜினை அணைத்திருந்தோம், அதுவரை புண்ணியம். ஆனாலும் கத்தி கத்திதானே. விழுந்த வேகத்தில் கட்டைவிரலின் அடிப்பக்கம் அதில் போய் ஊன்றியது. மேலே நின்ற என் மனைவி தன் பக்கத்துப் பிடியை விடவில்லை. விட்டிருந்தால் மொத்த மிஷினும் என் மேல் உருண்டிருக்கும். அவள் அலறவும் இல்லை. வழக்கமான குரலில், "நில்லுங்க, எழுந்திரிக்காதீங்க, நான் தூக்கிக்கிறேன்" என்றாள்.

விரலை மடக்கும் நரம்பு அறுந்திருந்தது. ஈப்போவில் ஆபரேஷன் செய்து சேர்த்துத் தைத்தார்கள். கட்டோடு மலை ஏறி வந்த அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை, மேடத்திடம் எப்படிச் சொல்வது? காய்ச்சல் என்று சொல்லலாமா, மழை அதிகம், பெயின்ட் காயவில்லை என்று சொல்லலாமா? நல்ல மலாயில் நான்கு வரி யோசித்து, மாற்றி, மறுபடி யோசித்து, மூன்று நாள் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

கடைசியில் மனைவியிடம், "அந்தம்மாகிட்ட எப்படித்தான் சொல்றது?" என்று கேட்டேன்.

"என்னத்த?"

"கை இப்படி ஆனத."

"அத அன்னைக்கே வாட்ஸ்அப்புல பேசி அனுப்பிட்டேனே. ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கிறப்பவே."

"என்னன்னு?"

"கைய வெட்டிக்கிட்டாரு, ஆனா படம் வரும்னு."

"வருமா? யாரு வரைவா?"

"அத நீங்கதான் யோசிக்கணும். நான் எல்லாத்தையும் யோசிக்க முடியுமா?"

மேடம் பதிலுக்கு ஒரு பூங்கொத்துப் படமும், தேதியை மாற்ற முடியாது, காத்திருக்கிறேன் என்று ஒரு வரியும் அனுப்பியிருந்தார். ஒரு பயம் தீர்ந்தது. அந்த இடத்தில் அதைவிடப் பெரிய பயம் வந்து உட்கார்ந்தது.

கட்டுப் பிரித்த பிறகு மலையிலேயே இருக்கும் தானா ராத்தா ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மலாய்க்காரப் பெண், பொறுமைசாலி. மாவு மாதிரி ஒன்றை அமுக்கச் சொல்வார், துணி மாட்டும் கிளிப்பைத் திறக்கச் சொல்வார். ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ பட்டென்று அறுந்துவிடும் என்றே எனக்குத் தோன்றும். "தூரிகை பிடிக்கலாமா?" என்று கேட்டேன். தடியான பிடியாக இருந்தால் பிடிக்கலாம், ஆனால் இப்போதைக்கு மணிக்கட்டையும் விரலையும் அதிகம் ஆட்டக்கூடாது என்றார்.

ஆட்டாமல் எப்படி வரைவது? இடது கையால் முயன்று பார்த்தேன். தேயிலை நிரைக்குப் பதிலாக மழை நாளில் மண்புழு ஊர்ந்த மாதிரி ஒன்று வந்தது. துடைத்துவிட்டுப் பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன்.

அன்று சாயந்திரம் வேலை முடிந்து வந்த மனைவி, பலகையை மறுபடி இந்தப் பக்கம் திருப்பினாள்.

"கைய ஆட்டக்கூடாது, அவ்வளவுதானே? பிடிக்கலாம்ல?"

"பிடிச்சு?"

"நீங்க பிடிச்சுக்கிட்டு நில்லுங்க. நான் பலகைய நகத்துறேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை. கோபிஸ், அதாவது முட்டைக்கோஸ் ஏற்றும் கூடைகளை வரிசையாகக் கவிழ்த்துப் போட்டு, மேலே ஒரு பழைய கதவை வைத்து, அதன் மேல் தன் வழவழப்பான சாரோங் கைலியை விரித்து, படப் பலகையைக் கிடத்தினாள். ஒரு விரலால் தள்ளினாலே பலகை வழுக்கிக்கொண்டு போனது. தூரிகைக் காம்பில் மோட்டார் சைக்கிள் டியூப் துண்டை இறுகச் சுற்றித் தடியாக்கி என் கையில் கொடுத்தாள். முழங்கையை நாற்காலியின் கைப்பிடியில் ஊன்றிக்கொண்டு நான் தூரிகையை அசையாமல் நிறுத்தினேன். அவள் எதிர்ப் பக்கம் போய்ப் பலகையின் இரண்டு ஓரங்களையும் பிடித்தாள். மிஷின் பிடிக்கிற அதே பிடி.

"தாழ்த்துங்க."

தூரிகை முனையைப் பலகையில் வைத்தேன். அவள் இழுத்தாள். ஒரு பச்சைக் கோடு, நிரை போலவே வளைந்து, தானாக ஓடியது.

"தூக்குங்க."

தூக்கினேன். இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு போல" என்றேன்.

"போலவா? அடுத்த நிரைக்கு வாங்க, மழை வந்துறப் போகுது" என்றாள், வீட்டுக்குள் இருந்துகொண்டு.

அப்புறம் தினமும் அவள் வேலை முடிந்து வந்ததும், ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவோம். சண்டையும் வந்தது. நான் நினைத்த வளைவுக்கு அவள் பலகையை இழுக்க மாட்டாள்.

"அங்க ஏன் வளைக்கிற? நேரா போகணும்" என்பேன்.

"தண்ணி பைப்பு இருக்கிற இடம் அது. அங்க நிரை மேல ஏறித்தான் இறங்கும். நெதம் நடக்கிறோம், மறந்துட்டீங்களா?"

"படத்துல பைப்பு இல்லல்ல?"

"பைப்பு இல்லாட்டி என்ன, மலை அதுதானே?"

நான் பள்ளத்துப் பக்கம் நடந்தவன், மேட்டிலிருந்து பார்த்தால் நிரை எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குப் பள்ளம் தெரியாது. கீழ்ப்பகுதி நான் சொன்னபடி வந்தது, மேல்பகுதி அவள் இழுத்தபடி வந்தது. நடுவில் சில நிரைகள் யார் சொன்னதுக்கும் கட்டுப்படாமல் போய்விட்டன. அவற்றின் மேல் கொஞ்சம் பனிமூட்டம் போட்டு மூடினேன்.

படம் முடிந்த அந்த வாரம் ஆஸ்பத்திரியில், இனிமேல் கையைத் தாராளமாக ஆட்டலாம், நரம்பு நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று சொன்னார்கள். எனக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. சும்மா இருக்கிற வரை இருக்கட்டுமே, ஆட்டி அறுத்துக்கொண்டால் யார் பொறுப்பு? வீட்டில் யாரும் பார்க்காதபோது லேசாக மடக்கிப் பார்த்துவிட்டு, கையைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன்.

பக்கத்து ஊர் திரிங்காப்பிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் லோரி ஒன்றில் படங்களை ஈப்போவுக்கு அனுப்பிவிட்டு, நாங்கள் பாயின் காரில் பின்னாலேயே போனோம். வழி நெடுக எனக்கு ஒரே கவலை. மண் சரிந்து ரோடு அடைத்திருக்குமோ, கோபிஸ் தண்ணீர் ஒழுகிப் படம் நனையுமோ, பிரேக் பிடிக்காமல் போகுமோ.

"தம்பி, லோரிய ஓட்டுறது நீங்களா அவனா? கண்ண மூடித் தூங்குங்க லா" என்றார் பாய்.

ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேடமும் ஆட்களும் எல்லாப் படங்களையும் இறக்கிச் சுவரில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய படம் முன் சுவரில் இருந்தது. எங்கள் மலை வெள்ளைச் சுவரில் அப்படி நிற்பதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு லேசானது. முடிந்தது, இனி ஒன்றும் கெட்டுப்போக முடியாது என்று நினைத்தேன்.

அப்போது மேடம் வந்து, ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்றார். பெரிய படத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள், மற்றவற்றில் இல்லையே, அதே மாதிரி எல்லாவற்றிலும் போட்டுவிடுங்கள் என்றார். எனக்குப் புரியவில்லை. தமிழ் படிக்கத் தெரியாத அவர் கீழ் வலது மூலையைக் காட்டினார்.

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். பாய் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார்.

"அடப்பாவி தம்பி, நெசமாவே போட்டுட்டீங்களா?"

அது கடைப் பெயர், பலகை கொடுத்தவருக்கு உபயம் போடுவது எங்கள் வழக்கம் என்று மேடத்துக்கு விளக்க எனக்கு மலாய் போதவில்லை. பாயே விளக்கினார். அப்படியானால் வரைந்தவர் பெயர் எங்கே என்று மேடம் கேட்டார். கோவில் சுவரில் வரைந்தவன் பெயரை யாராவது போடுவார்களா? அந்த நினைப்பே எனக்கு வந்ததில்லை. மேடம் சிரித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள், கையெழுத்து இல்லாத படத்தை விற்க முடியாது, சீக்கிரம் என்று ஒரு மெல்லிய தூரிகையையும் கறுப்புச் சாயத்தையும் கொடுத்தார். கடைப் பெயரை அழிக்க வேண்டுமா என்று நான் பயந்துகொண்டே கேட்டேன். வேண்டாம், அது இருக்கட்டும் என்றார். பாய்க்கு அதற்குப் பிறகு அந்தப் படத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

எல்லாம் சுவரில் ஆணியடித்து மாட்டியாகிவிட்டது. அங்கே கூடையும் இல்லை, சாரோங்கும் இல்லை. சுவரை யார் நகர்த்துவது?

முதல் சின்னப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். தூரிகைக் காம்பு குச்சி போல ஒல்லியாக இருந்தது. கட்டைவிரலை மடக்கி அதைப் பிடித்தேன். மனைவி பழக்கத்தில் படத்தின் அந்தப் பக்கம் வந்து, சட்டத்தின் மேல் கையை வைத்தாள். பிறகு அவளாகவே எடுத்துக்கொண்டாள்.

"இங்க என்னால தள்ள முடியாது" என்றாள் மெதுவாக. "தாழ்த்துங்க."

முனையை வைத்தேன். உள்ளே எதுவும் பட்டென்று போகவில்லை. முதல் எழுத்தின் சுழி கோணலாக வந்தது. இரண்டாவது எழுத்துக்கு மணிக்கட்டை லேசாகத் திருப்பினேன். அது திரும்பியது. அடுத்த படத்தில் பெயர் கொஞ்சம் நேராக நின்றது. அதற்கடுத்ததில் நான் மூச்சுவிட மறக்கவில்லை. பெரிய படத்துக்கு வந்தபோது கை களைத்திருந்தது, ஆனால் அது வேலை செய்த களைப்பு. கீழ் இடது மூலையில் என் பெயரை எழுதினேன்.

"மேட்டுப் பக்கம் நான் இழுத்ததுக்கு ஒண்ணும் கிடையாதா?" என்றாள் மனைவி.

தூரிகையைச் சாயத்தில் தோய்த்து, என் பெயருக்கு மேலே அவள் பெயரை எழுதினேன். அவள் பெயரில் சுழி அதிகம். ஒவ்வொன்றாகச் சுற்றி, கையை எங்கும் ஊன்றாமல் முடித்தேன். வாசலில் முதல் கார் வந்து நின்றது.