வாய்க்கால் வெட்ட வந்தவர்கள்

எகிப்தில், பாலைவனத்தை ஒட்டிய ஓர் ஊரில் ஹர்பகாத்துக்குக் கொஞ்சம் கோதுமை நிலம் இருந்தது. வாய்க்காலின் கடைமடை. பிடிவாதத்தில் அவனை மிஞ்ச அந்த ஊரில் ஆள் கிடையாது. மனைவி தாசேயும் மகள் தெர்மூத்தும்தான் அவனுக்கு உலகம்.

ரோமாபுரிப் பேரரசு அந்த எல்லையில் காவல் கோபுரம் கட்டி வைத்திருந்தது. குதிரையேறி வரும் கொள்ளைக்காரர்களைத் தடுக்கவாம். அடப்பாவமே, கொள்ளைநோய்க்குக் குதிரை எதற்கு? வடக்கே ஊர் ஊராகச் சாவு விழுந்தது. பிழைத்தவர்கள், செத்தவர்களின் வரியும் தங்கள் தலையில் விழும் என்று பயந்து ஓடினார்கள். இந்த ஊர்க்காரர்களும் கிளம்பிவிட, வெட்ட ஆளில்லாமல் வாய்க்கால் தூர்ந்துபோனது. ரோமாபுரி தின்னும் ரொட்டி அந்த வாய்க்கால் தண்ணீரில்தான் விளைகிறது என்பது கோபுரத்தில் நின்றவர்களுக்கு உறைக்கவே இல்லை.

“எங்கண்ணன் ஊருக்குப் போயிருவோம்யா. இங்க கெடந்து மண்ணத் திங்கவா?” என்றாள் தாசே.

“இந்த வருச ஆத்து வெள்ளம் வர்றதுக்குள்ள வாய்க்கால வெட்டிட்டா போதும்டி. ஒரு வெள்ளாமை எடுத்துட்டோம்னா போனவனெல்லாம் திரும்பி வந்துருவான்.”

ஆள் தேடிப் போனவன், வடக்கிலிருந்து ஓடிவந்த ஆறேழு பேரைக் கூட்டி வந்தான். தாசே பருப்புக் கஞ்சி காய்ச்சினாள். தெர்மூத் ஓடி ஓடி எல்லோருக்கும் பார்லிக் கள் ஊற்றிக் கொடுத்தாள்.

“அந்தக் கடைசி ஆளுக்குக் கண்ணு ரத்தமா செவந்திருக்கேய்யா” என்றாள் தாசே.

“மணல் காத்தடிச்சா யாருக்குத்தான் செவக்கல? ஒனக்கு எதுலதான் சந்தேகம் இல்ல!”

சிவக்காத கண்ணே அந்த ஊரில் இல்லை என்பது உண்மைதான். அவளும் அந்த ஆளுக்குக் கஞ்சி ஊற்றப் போனாள்.

வாய்க்காலை வெட்டி முடித்த அன்றே அந்த ஆள் மண்வெட்டியோடு சாய்ந்தான், எழுந்திருக்கவில்லை. மற்றவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் கம்பி நீட்டினார்கள். அடுத்து தெர்மூத்துக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் கொப்புளம். அம்மாவை அடையாளம் தெரியாமலே அந்தக் குழந்தை போய்ச் சேர்ந்தது.

மறுநாள் வெள்ளம் வந்தது. வெட்டிய வாய்க்காலில் கரை தளும்பத் தண்ணீர் ஓடியது. அதில் மொண்டுதான் மகளைக் குளிப்பாட்டினார்கள். வயிறு எரிகிறது, வேறென்ன சொல்ல?

புதைத்துவிட்டு வந்ததும் ஹர்பகாத் மூட்டை கட்டினான்.

“நான்தான்டி அவள வாரிக் கொடுத்துட்டேன். நீ அப்பவே சொன்ன. ஒங்கண்ணன் ஊருக்கே போயிருவோம், வா.”

தாசே விதைக் கோதுமையைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

“எம்மவ இங்க கெடக்கா. நான் எங்கய்யா வர்றது?”