பூந்தமல்லியில் ஒரு பஞ்சர்

பூந்தமல்லியைத் தாண்டுவதற்குள் எங்கள் திருப்பதி வேன் பஞ்சராகிறது. நான் வழிகாட்டியாக அழைத்துப்போகும் இலங்கைப் பெண்கள் நால்வரும் பஞ்சர் கடை நிழலில் நின்று சிங்களத்தில் பேசிக்கொள்கிறார்கள்.

கடைக்காரர் நட்டைக் கழற்றியபடியே என்னைக் கேட்கிறார்: "இன்னா பாஷை சார் இது?"

அவர் கையில் கனத்த ஸ்பானர். "மலையாளம்" என்கிறேன்.

மூத்த பெண்மணிக்கு அந்தச் சொல் புரிந்துவிடுகிறது. "மலையாளம் இல்லை. சிங்களம். ஸ்ரீலங்கா" என்கிறார் கடைக்காரரிடமே.

ஸ்பானர் நிற்கிறது.

"ராமேஸ்வரத்துல எங்கக்கா ஊட்டுக்காரு மீன் புடிக்கிறாரு. இவங்க ஊரு நேவிக்காரன் போட்டோட புட்ச்சுகினு போய்ட்டான். இன்னும் ஜெயில்லதான் கீறாரு."

என்னிடம் சொன்னாலும் பார்வை அந்த அம்மாள்மேல் இருக்கிறது. 'நேவி', 'ஜெயில்' இரண்டும் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தலை குனிகிறார். மற்ற மூவரும் வேனோடு ஒட்டி நிற்கிறார்கள்.

கடைக்காரர் சக்கரத்தை மாட்டி முடிக்கிறார். உள்ளே போய், சாமி படத்தடியிலிருந்து இரண்டு எலுமிச்சம்பழம் எடுத்துவந்து, ஒன்றை முன்சக்கரத்தடியில் வைக்கிறார். மற்றதை அந்த அம்மாள் கைநீட்டி வாங்கி, யாரும் சொல்லாமலே மறுபக்கச் சக்கரத்தடியில் வைக்கிறார்.

அதைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் என் பக்கம் திரும்புகிறார்.

"நீ இன்னாத்துக்கு சார் பொய் சொன்ன? என்னப் பாத்தா நேவிக்காரன் மாரி கீதா?"