என் கெட்டிக்காரத்தனத்தில் ஒடிந்த கால்

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழை பிடித்திருந்த சமயம், வேப்பந்தட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் வயரிங் வேலை செய்பவன். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரிலிருந்து கல்யாண மண்டப சீரியல் லைட் வரை இந்தப் பக்கத்தில் நான் கை வைக்காதது குறைவு. அந்தக் கர்வமும் எனக்கு உண்டு.

கோவையில் படிக்கும் என் மகள், விடுதியில் வளர்க்க விடமாட்டார்கள் என்று ஒரு ஓணானை எங்களிடம் விட்டுவிட்டுப் போயிருந்தாள். பியர்டட் டிராகன் என்ற வெளிநாட்டு வகை. தாடைக்குக் கீழே முள் முள்ளாகத் தாடி இருக்கும், ஆனால் பரம சாது. ஒரு கண்ணாடிப் பெட்டி, ஏறி உட்கார ஒரு கட்டை, மேலே ஒரு விசேஷ பல்பு. அது இருக்கும் அறைப் பக்கமே வரமாட்டேன் என்ற என் மனைவி, ஒரே மாதத்தில் அதற்கு முருங்கைக்கீரை ஆய்ந்து ஊட்ட ஆரம்பித்துவிட்டாள்.

ஆடிக் காற்றில் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் அந்த பல்பு போய்விட்டது. இங்கே கடைகளில் அது கிடைக்கவில்லை. வெளிச்சமும் சூடும்தானே வேண்டும் என்று ஒரு குண்டு பல்பை மாட்டிவிட்டேன். நான் அனுப்பிய போட்டோவைப் பார்த்துவிட்டு மகள், "அப்பா, அதே பல்புதானே?" என்று போனில் கேட்டாள். "பல்பைப் பத்தி நீ எனக்குச் சொல்லித் தர்றியா?" என்றேன். அவள் பேச்சை மாற்றி, ஓணான் நன்றாகச் சாப்பிடுகிறதா என்று கேட்டாள்.

மூன்று மாதம் போனது. ஒருநாள் காலை, கட்டையிலிருந்து இறங்கிய ஓணான் பின்னங்காலை இழுத்து இழுத்து நடந்தது. தொடை வீங்கியிருந்தது, விரல்கள் நடுங்கின. ஆட்டுக்குட்டிக்குக் கட்டுவதுபோல் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிவிடலாம் என்று நான் சீவ உட்கார்ந்துவிட்டேன். மனைவிதான் தடுத்தாள். "கட்டைவிரல் தடிமன்கூட இல்ல அந்தக் காலு. இறுக்கிக் கட்டினா செத்துப் போயிரும்ங்க. டாக்டர்கிட்ட போவோம்."

அட்டைப்பெட்டியில் துண்டு விரித்து அதை வைத்தோம். அவள் மடியில் பிடித்துக்கொள்ள, தூறலில் பெரம்பலூருக்கு வண்டியை விட்டேன். அங்கே கால்நடை டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் ஆடு மாடு பாக்குறவன்ங்க. இதை இப்பத்தான் நேர்ல பாக்குறேன். தெரிஞ்சவர்கிட்ட கேட்டுக்கறேன்" என்று எங்கள் எதிரிலேயே யாருக்கோ போன் போட்டு, ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, என்ன லைட் போட்டிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன்.

"அதுல சூடு வரும். எலும்புக்கு வேண்டிய வெயில் கதிர் வராதுங்க. எலும்பு மெலிஞ்சு போயிருக்கு. அதான் கட்டையில இருந்து இறங்கினதுக்கே ஒடிஞ்சிருக்கு. தாடைகூட மெத்துனு இருக்கு பாருங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கால்சியம் மருந்து கொடுத்தார். கட்டையை எடுத்துவிட்டு, தாழ்வான பெட்டியில் அதிகம் அசையவிடாமல் வைக்கச் சொன்னார். எண்ணெய் போட்டு உருவக் கூடாது என்றார். பிழைத்துக்கொள்ளுமா என்று மனைவி கேட்டதற்கு, "ரெண்டு வாரம் போகட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகச் சென்னையிலிருந்து சரியான பல்பு வரவழைக்க ஏற்பாடு செய்தேன்.

மகளுக்குப் பரீட்சை நேரம், சொல்ல வேண்டாம் என்றாள் மனைவி. எனக்கு மனசு கேட்கவில்லை. அன்று மாலையே போன் செய்து, பல்பை மாற்றியது நான்தான், கால் ஒடிந்ததும் என்னால்தான் என்று சொல்லிவிட்டேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"எனக்குத் தெரியும்ப்பா. அன்னைக்கு போட்டோவுலயே வெளிச்சம் மஞ்சளா இருந்துச்சு. திரும்பக் கேட்டா கத்துவீங்கன்னு பயந்து விட்டுட்டேன். என் மேலயும்தான் தப்பு" என்று அழுதாள்.

போனை மனைவியிடம் கொடுத்துவிட்டேன்.

ஓணான் பிழைத்துக்கொண்டது. கால் கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தாலும் பெட்டி முழுக்க ஓடுகிறது. ஆனால் பெற்ற பெண்ணே ஒரு வார்த்தை சொல்லப் பயப்படும்படி நான் இருந்திருக்கிறேன் என்பதுதான், அந்தக் கால் ஒடிந்ததைவிட இன்றைக்கும் எனக்கு அதிகமாக வலிக்கிறது.