நாற்பது மரத்திலும் ஒரே பீக்

திருவொற்றியூரில் ஒரு தனியார் டெஸ்டிங் லேபில் இருபத்தாறு வருடம் ஜிசி மெஷின் ஓட்டினேன். ஒரு கலவையை உள்ளே செலுத்தினால், அதில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று முகடு முகடாகக் கோடு போட்டுக் காட்டும். அந்த முகட்டைப் பீக் என்போம். தின்னர், பெயின்ட், ஹார்பரில் வந்திறங்கும் சால்வென்ட் என்கிற கரைப்பான், இவைதான் எங்கள் பிழைப்பு. வேலை பிடித்திருந்ததா என்று கேட்காதீர்கள். எண்ணூர் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் மெஷினைத் துடைத்தே பாதி ஆயுள் போனது.

கவிதா என்ற ஆராய்ச்சி மாணவி ஒருநாள் ஐஸ் பெட்டியோடு வந்தார். உள்ளே, கொடைக்கானல் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் நாற்பது பைன் மரங்களிலிருந்து எடுத்த பிசின்.

"பிசின்ல டெர்பீன்னு வாசனைப் பொருள் இருக்கும் சார். அதுல கேரீன்னு ஒண்ணு, சில மரத்துல நிறைய இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. பரம்பரையா வர்றது அது. மரத்துக்கு மரம் வித்தியாசம் இருந்தா விதைக்காக விட்டுவைக்கிறோம்னு தோட்டத்துக்காரங்க சொல்லியிருக்காங்க. இல்லேன்னா மொத்தத்தையும் வெட்டிடுவாங்க."

அன்று தின்னர் சாம்பிள்கள் குவிந்து கிடந்தன. மேனேஜர் என் கழுத்தில் உட்காராத குறை. சாம்பிளுக்கு முன்னால் வெறும் கரைப்பானைக் குப்பியில் ஊற்றி ஒருமுறை ஓட்ட வேண்டும். அதற்குப் பிளாங்க் என்று பெயர். பீக் எதுவும் வரக்கூடாது, வந்தால் எங்கோ அழுக்கு. நான் அதை ஓட்டவில்லை.

நாற்பதிலும் கேரீன் வந்தது, ஏறக்குறைய ஒரே உயரத்தில். மரங்களுக்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கவிதாவின் முகம் வாடிவிட்டது.

"நல்லா பாத்தீங்களா சார்?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா" என்றேன். எனக்கு அடுத்த சாம்பிள் அவசரம்.

மூன்று மாதம் கழித்து வேறொரு வேலைக்குப் பிளாங்க் ஓட்டினேன். வெறும் கரைப்பானில் கேரீன் பீக் ஜம்மென்று நின்றது. குப்பி கழுவும் மேரியக்காவைக் கூப்பிட்டேன்.

"இத எதுலக்கா கழுவினீங்க?"

"சோப்புத் தண்ணிலதான் நைனா. லேபிள் கோந்து போவ மாட்டேங்குது, அதுக்குத்தான் மொதல்ல டர்பன்டைன்ல ஊறப் போடுறேன்."

"டர்பன்டைனா? யாரு சொன்னது?"

"இன்னா நைனா, இப்டி கேக்குற? காசிமேட்டுல போட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறவங்க கைல கீற பெயின்ட்ட இதுலதான் எடுக்குறாங்கன்னு நீதானே டப்பாவ வாங்கியாந்து குட்த்த?"

ஆமாம், நான்தான். டர்பன்டைன் என்பதே பைன் பிசினைக் காய்ச்சி எடுப்பது, கேரீனும் அதில் உண்டு. தின்னர் டெஸ்டில் குப்பியில் ஒட்டிக்கொண்ட அந்த மிச்சம் கணக்கிலேயே வராது. பிசின் டெஸ்டில் அதுதான் எல்லாவற்றையும் மூழ்கடித்திருக்கிறது. நாற்பது மரங்களை நான் அளக்கவில்லை. என் டப்பாவை நாற்பது முறை அளந்திருக்கிறேன்.

"ரிப்போர்ட் போயி மூணு மாசம் ஆச்சு. யாரும் கேக்கல. நீ ஏன்யா தோண்டுற?" என்றார் மேனேஜர்.

கவிதாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். "மிச்சப் பிசின் இருந்தா கொண்டு வாம்மா. நானே திரும்ப ஓட்டித் தர்றேன்."



"பிசின் இல்ல சார். மரமும் இல்ல. உங்க ரிப்போர்ட்டைக் காட்டித்தான் போன மாசம் வெட்டினாங்க."

திட்டியிருந்தால் தேவலை. தப்பு என்னுடையது என்று லெட்டர் எழுதி அனுப்பினேன். வெட்டிய பிறகு அதை வைத்து அவர் என்ன செய்வார் என்று இருவருக்குமே தெரியாது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. ஒரு பிளாங்க் ஓட்ட இருபது நிமிஷம் ஆகும். அந்த மரங்கள் வளர எத்தனை வருடம் ஆனது என்று நான் கேட்கக்கூட இல்லை.