மெட்ரோவில் துண்டு போட்டு இடம் பிடித்தவர்

இரண்டு மெட்ரோ பாதைகள் சந்திக்கிற ஸ்டேஷனில் உதவி கவுண்டர் வேலை என்பது, சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருப்பதை வாயால் படித்துக் காட்டுகிற வேலை. ராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு வந்து இதைத்தான் செய்கிறேன். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பொதுஜனத்திடம் அவஸ்தைப்படுகிற சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

வெளியே போன மேதை

எங்கள் ஸ்டேஷனில் ரயில் மாற ஒரு மாடி இறங்கினால் போதும். கழுத்தில் ஐடி கார்டு தொங்கவிட்ட ஒருவர் வெளியே போய், சாலையைக் கடந்து, எதிர்வாசல் வழியாகப் புது டிக்கெட்டோடு உள்ளே வந்தார். தினமும் இப்படித்தானாம். உள்ளேயே மாறலாமே என்றேன். முறைத்தார்.

"நான் இந்த ஊர்லயே பொறந்தவன் சார், எனக்கே ரூட் சொல்றீங்களா?"

துண்டு

அடுத்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள், அதனால் எனக்கு வெட்கம் அதிகம். சுந்தரபாண்டியத்து விவசாயி ஒருவர் மகளைக் கல்லூரி கவுன்சலிங்குக்கு அழைத்து வந்திருந்தார். பத்து மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு அங்கே நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸீட் போய்விடும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கும் முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா? மெட்ரோ கதவு திறந்ததும் துண்டையும் சான்றிதழ்ப் பையையும் காலி ஸீட்டில் எறிந்தார். இடம் போட்டாயிற்றே என்று நிதானமாகத் திரும்பி மகளைக் கூப்பிட்டார். கதவு மூடி வண்டி போய்விட்டது. மகள் அழ ஆரம்பித்தாள். அவர் என்னிடம் வந்து கேட்டது இதுதான்:

"துண்டு கெடக்குல்ல தம்பி, எவனும் உக்கார மாட்டான். செத்த நேரத்துல வண்டி திரும்பி வந்துரும்ல?"

படிவம்

என் மேலதிகாரி கறாரானவர். படிவம் நிரப்பி, ஆதார் காட்டினால்தான் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்வாராம். ஆதார் அந்தப் பைக்குள்தான் இருக்கிறது என்றேன்.

"அப்போ பை கிடைச்சதும் ஆதாரைக் காட்டச் சொல்லுங்க, உடனே பையைத் தேடலாம்."

கிடைத்தது

மேலதிகாரிக்குத் தெரியாமல் கடைசி ஸ்டேஷனில் இருக்கும் நண்பனுக்குப் போன் போட்டேன். அத்தனை கூட்டத்திலும் அந்த ஸீட்டில் யாரும் உட்காரவில்லையாம். வெடிகுண்டாக இருக்குமோ என்று எல்லோரும் தள்ளியே நின்றிருக்கிறார்கள். படித்த ஜனம்! பையும் துண்டும் எங்களிடம் வந்து சேர்ந்தபோது மணி ஒன்பதரை.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை வாங்கினாள், துண்டை அவர் தோளில் போட்டாள்.

"நீங்க இங்கனயே இருங்கப்பா. நான் தனியாப் போயிட்டு வாரேன்."

ஐந்து நிமிஷம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டாளாம். அப்பா, மேலதிகாரி, நான் என்று ஆண்பிள்ளைகள் மூவரும் கூட வராததுதான் அன்று அவளுக்குக் கிடைத்த ஒரே உருப்படியான உதவி.