ஒரு சாவி, மூன்று பூட்டு

மச்சானின் மோட்டார் சைக்கிளைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவன் என் மனைவியின் தமையன். இருவரிடமும் ஒரே ரகப் பழைய ஜப்பான் வண்டி. அவனுடையதில் கொம்பனிப் பூட்டுகள் அப்படியே இருந்தன. ஸ்டார்ட் பண்ண, ஹான்டிலைப் பூட்ட, பெட்ரோல் டாங்கி மூடியைத் திறக்க ஒரே சாவி. என்னுடையதில் ஸ்குரூ டிரைவரைத் திருப்பினாலும் எஞ்சின் இயங்கும். தெருவில் யாரும் எடுத்துப் போகலாம்.

ஊர் ஊராகத் தேடி, உப்புக்குளத்தில் ஒரு பழைய சாமான் கடையில் அதே ரகப் பூட்டுச் செட்டைக் கண்டுபிடித்தேன். பூட்டிலும் சாவியிலும் ஒரே இலக்கம். பொருத்தியதும் மச்சானிடம் ஓடிப்போய்க் காட்டினேன்.

“நல்லாயிருக்கு மச்சான்” என்றான். அந்த அமைதியும் எரிச்சலூட்டியது.

ஒருநாள் வண்டியை வீட்டில் பூட்டிவிட்டு, பஸ்ஸில் சிலாவத்துறைக்குப் போயிருந்தேன். மனைவி போனில் கோல் எடுத்தாள்.

“உங்கட உம்மாவுக்கு மூச்சு முட்டுது. ஆட்டோ ஒண்டும் இல்ல. சாவி எங்க?”

சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உம்மா ஒக்சிசனோடு தூங்கிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் மச்சானின் வண்டியில் கொண்டுவந்து சேர்த்திருந்தார். மச்சானோ மீன்பிடிக்கக் கடலுக்குப் போயிருந்தான்.

மாலையில் கரைக்கு வந்தவனிடம், “சாவிய வீட்டில வச்சிட்டே போனனீ?” என்று கேட்டேன்.

“அது எப்பவும் வண்டியிலதான் கிடக்கும் மச்சான். ஆருக்கும் அவசரம் எண்டா எடுக்கத்தானே வேணும்.”

இவ்வளவு காலமும் அந்தச் சாவியையே பார்த்துப் பொறாமைப்பட்ட நான், அதை அவன் ஒருநாளும் கழற்றியதில்லை என்பதைக் கவனிக்கவே இல்லை.

இப்போதும் அவன்மேல் எனக்குப் பொறாமைதான்.